விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது வண்ணமும் புது வயரிங்கும்: கடலூர், புதுச்சேரிக் காற்றுக்கு ஏற்ற வழிமுறை

ஸ்ட்ராட் வடிவத்தில் வரும் விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிரிப்பதும் சேர்ப்பதும் எளிது. 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பே இதற்கும். நெக்கை நான்கு ஸ்குரூக்கள் பாடியோடு பிடித்திருக்கும். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளான பிக்கப், வால்யூம், டோன், ஸ்விட்ச் எல்லாம் பிக்கார்டு என்ற ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்கும். ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஆலன் கீ, சால்டரிங் அயர்ன் இருந்தால் ஒரு பிற்பகலில் முழுவதையும் மேசைமேல் பரப்பிவிடலாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் காற்றின் ஈரத்தால். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பல குளிர்ந்த, காய்ந்த ஊர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நம்பி ஐப்பசி மாதம் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் லாக்கர் அடித்தால், பாடி முழுவதும் மோர் தெளித்தது போல வெளுத்துவிடும். அதனால் கீழே வரும் வேலை வரிசையும் காய வைக்கும் நாட்களும் நம் கரைக்கு ஏற்றபடி சொல்லப்பட்டிருக்கின்றன.

பிரிக்கும் முன் வாசித்து, அளந்து பாருங்கள்

புது வண்ணம் அடித்தால் கிட்டார் அழகாகும், ஒலி மாறாது. மலிவுக் கிட்டாரில் காதுக்குத் தெரியும் மாற்றத்தைத் தருபவை நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் வெட்டுப் பட்டை), ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), செட்டப் (தந்தி உயரம் முதலியவற்றைச் சரிசெய்தல்), பாட் எனப்படும் வால்யூம் கண்ட்ரோல், பிக்கப் ஆகியவைதான். செலவும் இதே வரிசையில் போகட்டும். நட் வெட்டு சரியில்லாத கிட்டாரில் விலை உயர்ந்த பிக்கப் போடுவது வீண்.

நெக்தான் தலைவிதி. ஆசாரி பலகையின் ஓரத்தை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதுபோல் ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பக்கத்திலிருந்து இரு ஓரங்களையும் பாருங்கள். வில் போல வளைந்திருந்தால், நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பினால் சரியாகும். ஒரு ஓரம் மேலேறி மறு ஓரம் கீழிறங்கி முறுக்கியிருந்தால் வீட்டுக் கருவிகளால் முடியாது. அந்தக் கிட்டாருக்கு மேற்கொண்டு எதுவும் வாங்க வேண்டாம். டிரஸ் ராட் திரும்புகிறதா என்று கால் சுற்று மட்டும் சோதியுங்கள். அசையாவிட்டால் முரட்டுத்தனம் கூடாது, உள்ளே மரை உடைந்தால் நெக்கே போய்விடும்.

உதிரிபாகம் வாங்குமுன் ஸ்டீல் ஸ்கேலால் நான்கு அளவுகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டிலிருந்து 12-ஆம் ஃபிரெட் வரை 324 மி.மீ. இருந்தால் முழு ஸ்கேல் 648 மி.மீ., அதாவது வழக்கமான ஸ்ட்ராட் அளவு. பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் ஆறு ஸ்குரூக்களில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே மைய அளவு 52.5 மி.மீ. பக்கமா, 56 மி.மீ. பக்கமா என்று பாருங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆன்லைனில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடுத்து பாடியின் கனம். வழக்கமான 45 மி.மீ. இல்லாமல் 40 மி.மீ. அளவில் இருந்தால், பிரிட்ஜை அசைத்து ஸ்ருதியை ஆட்டும் டிரெமலோவின் நீளமான அடிக்கட்டை (டிரெமலோ பிளாக்) பின்பக்கம் துருத்தி நிற்கும். கடைசியாக டியூனர் துளையின் விட்டம். புதுமாதிரி டியூனருக்கு 10 மி.மீ., பழைய மாதிரிக்கு அதைவிடச் சிறியது.

எந்த மாதம், எந்த நேரம்

என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) லாக்கரோ ஸ்பிரே டப்பாவோ அடிக்கும்போது அதிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. அந்தக் குளிர்ச்சி பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனால் காற்றின் ஈரம் ஈரப் பெயிண்டின்மேலேயே நீராகப் படிந்து, உள்ளே சிக்கி, வெள்ளையாகத் தெரிகிறது. இதைத்தான் பிளஷிங் என்கிறார்கள். கணக்காகச் சொன்னால், 33 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பொழுதில் பனிநிலை 28 டிகிரி. இடைவெளி வெறும் 5 டிகிரி. தின்னர் அதை எளிதில் தின்றுவிடும். அதே 33 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதமாக இருந்தால் பனிநிலை 23-க்கு இறங்கிவிடும், பயமில்லாமல் அடிக்கலாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது டிஜிட்டல் ஈரப்பதமானி. 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்குத் தேய்ப்பு வேலையோ ஈயம் வைக்கும் வேலையோ பாருங்கள். கடல்காற்று நுழைவதற்கு முன்பான முற்பகல் பொழுதே நம் பக்கத்தில் நல்ல பொழுது. விடியற்காலையின் ஈரம் வெயில் ஏறியதும் குறையும். நண்பகலுக்குப் பிறகு கடல்காற்று வந்ததும் மானியில் எண் ஏறுவதை நீங்களே பார்க்கலாம். மாசி, பங்குனி வசதியான மாதங்கள். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று காய்ந்ததுதான், ஆனால் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். மாடியில் அடிக்காமல், தரையைத் தண்ணீரால் துடைத்துவிட்டு சன்னல் திறந்த அறையில் அடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெயிண்ட் வேலையே வேண்டாம். மழைவிட்ட ஒரு நாளை நம்பி இறங்கினால் வண்ணத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் மாலையில் விளக்கு போட்டு அடித்தால் ஈசல் வேறு ஒட்டிக்கொள்ளும்.

கழற்றுதல்

தந்தியை ஒரேயடியாக வெட்டாதீர்கள், ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு படிக்கும் கைபேசியில் படம் எடுங்கள். வயரிங்கை மட்டும் மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும், ஏனெனில் எந்த வயர் எந்தக் காலில் இருந்தது என்பது மறுநாளே மறந்துவிடும். தெர்மாகோல் அட்டையில் கிட்டாரை வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பிக்கார்டு ஸ்குரூவும் டியூனர் ஸ்குரூவும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், நீளம் வேறு.

பின்பக்க மூடியைத் திறந்தால் டிரெமலோ ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகடு தெரியும். அதில் ஒரு கறுப்பு வயர் பற்றவைக்கப்பட்டிருக்கும். தந்திகளுக்கு எர்த் தருவது அதுதான். இழுத்து அறுக்காமல் சால்டரிங் அயர்ன் வைத்து எடுங்கள்.

பழைய பூச்சைச் சுரண்டலாமா, மேலேயே அடிக்கலாமா

நெக் பொருந்தும் குழியில் ஒரு ஓரத்தில், பஞ்சில் என்.சி. தின்னர் தொட்டு அரை நிமிடம் தேயுங்கள். வண்ணம் பஞ்சில் இறங்கினால் பழைய பூச்சு லாக்கர் வகை. ஒன்றுமே ஆகாவிட்டால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். மலிவுக் கிட்டார்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், அதுவும் தடிமனாக, சில இடங்களில் 1 மி.மீ. அளவுக்கு இருக்கும். தின்னருக்கோ சாதாரணப் பெயிண்ட் ரிமூவருக்கோ அது அசையாது.

எங்கள் தீர்ப்பு இது: ஒற்றை வண்ணம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் சுரண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் பூச்சு, சமமான, துளையில்லாத, அசையாத ஓர் அடித்தளம். 320 உப்புத்தாளால் பளபளப்பு முற்றும் போகும்வரை தேய்த்து அதன்மேலேயே பிரைமர் அடிக்கலாம். நான்கைந்து நாள் வேலை மிச்சம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் சுரண்டுங்கள், அதற்கு முன் டிரெமலோ குழிக்குள் பார்த்துவிடுங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். ஒரே மரமாக இருந்தாலும் நான்கைந்து துண்டுகள் ஒட்டியதாக இருக்கலாம். தொழிற்சாலை தடிமனாகப் பூசியதே அதை மறைக்கத்தான்.

சுரண்டுவதானால் ஹீட் கன்தான் வழி. வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, 5 செ.மீ. தூரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். பூச்சு கொப்பளித்ததும் மழுங்கிய பட்டித் தகட்டை அடியில் கொடுத்துத் தள்ளினால் சில்லுச் சில்லாக வரும். கூர்மையான உளி மரத்தைக் குழிக்கும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் மரம் கருகும், ஒட்டுத் துண்டுகளின் பசை இளகும், பிளைவுட் அடுக்குகள் பிரியும். பாடியின் தட்டையான முகங்கள் சீக்கிரம் வந்துவிடும். கொம்புகளின் உள்வளைவுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம்.

தேய்ப்பதற்கு 80-இல் தொடங்கி 120, 180, 240, 320 என்று போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் மறையாது, வண்ணத்துக்கு அடியில் கோடாகத் தெரியும். தட்டையான இடத்தில் தாளை விரலால் பிடித்துத் தேய்க்கக் கூடாது, மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கு ஒரு பழைய ஹவாய் செருப்பை வெட்டிய ரப்பர் துண்டு நன்றாக உதவும். நெக் குழியின் உள்ளே மட்டும் எந்தத் தாளும் போகக் கூடாது. அங்கே அரை மில்லி குறைந்தாலும் நெக்கின் கோணம் மாறி, தந்தி உயரம் முழுவதும் மாறிவிடும்.

பள்ளங்களை ஆரல்டைட் போன்ற எபாக்ஸியில் மரத்தூள் கலந்து அடையுங்கள். ஃபெவிகாலில் தூள் கலந்தால் காய்ந்தபின் சுருங்கி, பள்ளம் மீண்டும் தெரியும். தளர்ந்துபோன ஸ்குரூ துளைகளுக்கு மட்டும் ஃபெவிகால் தொட்ட மூங்கில் குச்சியை இறுக்கி நுழைத்து, மறுநாள் வெட்டிவிட்டு, சிறிய டிரில் பிட்டால் வழி போடுங்கள்.

வண்ணம்

ஃபெண்டரின் பழைய காலத்து வண்ணங்களில் பல கார் வண்ணங்கள்தான். ஃபியஸ்டா ரெட் என்பது 1956 ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு. எனவே கார் பெயிண்ட் கடைக்குப் போவது குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம், அது இந்தக் கிட்டாரின் மரபு. கலவை இயந்திரம் உள்ள கடையில் கேட்கும் நிறத்தைக் கலந்து தருவார்கள். புதுச்சேரி ஒயிட் டவுனில் வெள்ளை விளிம்போடு நிற்கும் மஞ்சள் சுவர்களின் நிறம் வெள்ளை பிக்கார்டோடு மிக அழகாகச் சேரும். புதுச்சேரி போலீஸ் தொப்பியின் சிவப்பும் அப்படித்தான்.

கம்ப்ரஸர் இல்லாதவர்களுக்கு 400 மில்லி ஸ்பிரே டப்பாக்கள் போதும். ஒரு பாடிக்கு பிரைமர் ஒன்று, வண்ணம் இரண்டு, கிளியர் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே வகையாக, அக்ரிலிக் லாக்கராக இருக்கட்டும். எனாமல் பெயிண்டின்மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிச் சுருங்கி முதலைத் தோல் போல ஆகும்; பிறகு முழுவதையும் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் 2கே பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் கல் போல உறுதியானது, ஈரத்துக்கும் அசையாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கொடிய ஆபத்து. காற்றுக் குழாய் இணைத்த முகமூடியும் பெயிண்ட் பூத்தும் இல்லாமல் வீட்டில் அடிக்கவே கூடாது. அந்த முடிவு வேண்டுமென்றால், வண்ணம் வரை நீங்கள் முடித்துவிட்டு, பூத் உள்ள கார் பெயிண்ட் பட்டறையில் கிளியரை மட்டும் அடித்து வாங்குங்கள். மற்றொரு வண்டிக்கு அடிக்கும்போது சேர்த்து அடித்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சாதாரண லாக்கருக்கும் துணி மாஸ்க் போதாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போடுங்கள். பக்கத்தில் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

நெக் குழியில் அதன் பழைய துளைகளிலேயே ஒரு நீளமான மரச்சட்டத்தை முடுக்குங்கள். அதுதான் கைப்பிடி, அதுவே தொங்கவிடும் கொக்கி, அதுவே குழிக்குள் பெயிண்ட் போகாமல் காக்கும் மூடி. குழிக்குள் பெயிண்ட் தடிமனாகிவிட்டால் நெக்கை இறுக்கும்போது ஓரத்தில் வெடிக்கும்.

அடிக்கும் முன் பாடியைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வீட்டில் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்தான். அதன்மேல் பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும், மீன்கண் என்பார்கள். டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றிலுள்ள சிலிக்கான் இன்னும் மோசம்.

20 முதல் 25 செ.மீ. தூரத்தில், பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே போய், வெளியே விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதைப் பாதி மூடட்டும். முதல் கோட் பனி போல மெல்லியதாக, அடி தெரியும்படி இருக்க வேண்டும். ஒரே கோட்டில் மூட ஆசைப்பட்டால் ஒழுகும். கோட்டுக்கு இடையே குளிர்ந்த நாடுகளின் 10 நிமிடக் கணக்கை விட்டு, 30 நிமிடம் கொடுங்கள். ஒரு முற்பகலில் மூன்று கோட் போதும். பிரைமர் மூன்று கோட், ஒரு நாள் காய்ந்தபின் 400 தாள். வண்ணம் நான்கு கோட். ஒரு நாள் விட்டு கிளியர் எட்டு முதல் பத்து கோட், மூன்று நான்கு நாட்களுக்குப் பிரித்து. ஓரங்களிலும் கொம்பு நுனியிலும் பெயிண்ட் தானாகவே மெலிந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தை முதலில் ஒரு முறை அடித்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், மேலே இன்னொரு கோட் அடித்து மூடவும் வேண்டாம். காய்ந்த, வெயில் ஏறிய ஒரு முற்பகல் வரை காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மெல்லிய மூடுபனியாக அடியுங்கள். பூச்சு மீண்டும் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, தெளிவாகும். ஒழுகல் விழுந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். இரண்டு நாள் காயவிட்டு, பிளேடால் சீவி, 600 தாளால் சமப்படுத்துங்கள். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வந்தால் தூரம் அதிகம், அல்லது வெயில் அதிகம். டப்பாவை வெயிலில் வைக்காமல் நிழலில் வைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.

அடுத்து வருவது பலரால் முடியாத படி: நான்கு வாரம் சும்மா விட வேண்டும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் தின்னர் அடியிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும், பூச்சு சுருங்கிக்கொண்டிருக்கும். இப்போது பாலிஷ் போட்டால் கண்ணாடி போல மின்னும். ஒரு மாதத்தில் தேய்ப்புக் கோடுகள் எல்லாம் மேலே வந்துவிடும். மூக்கை வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாடை முற்றிலும் போனால்தான் காய்ந்தது.

பிறகு 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். ஸ்குரூ துளைகளை மெழுகால் அடைத்துவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் துளைக்குள் இறங்கினாலும் மரம் ஊதி, சுற்றிலும் வளையமாக வெடிப்பு விழும். விளிம்புகளின்மேல் 1000 தாள் போகவே வேண்டாம், இரண்டே இழுப்பில் வண்ணம் போய் பிரைமர் தெரியும். கடைசியாக, கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டு, கை வலிக்க வலிக்கத் தேயுங்கள்.

சுரண்டியபின் நல்ல மரம் தெரிந்த அதிர்ஷ்டசாலிகளுக்கு வேலை இன்னும் எளிது. என்.சி. சாண்டிங் சீலரை அதே அளவு தின்னரோடு கலந்து துணிப்பொதியால் இழுத்து, 320 தாள், மீண்டும் சீலர், மூன்று முறை. மேலே மேட் லாக்கர் நான்கு முறை. 250 மில்லி சீலர், 500 மில்லி லாக்கர், 1 லிட்டர் தின்னர் தாராளமாகப் போதும். மர பாலிஷ்காரர்கள் கதவுக்குச் செய்வதும் இதே முறைதான். பாடியே உதவாது என்றால், தஞ்சாவூர் வீணைக்குப் போகும் பண்ருட்டிப் பலா மரம் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. நன்கு பதப்பட்ட 45 மி.மீ. பலகையில் புதுப் பாடி வெட்டுவது பற்றித் தனியே எழுத வேண்டும்.

பெயிண்ட் காயும் நான்கு வாரத்தில் வயரிங்

மலிவுக் கிட்டாரின் இரைச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம், குழிகளில் ஷீல்டிங் எனப்படும் உலோகத் தடுப்பு இல்லாதது. பசையும் மின்சாரம் கடத்தும் செப்பு டேப், 50 மி.மீ. அகலத்தில் 3 மீட்டர் வாங்குங்கள். குழியின் தரை, சுவர் இரண்டிலும் ஒட்டி, ஒரு துண்டின்மேல் அடுத்த துண்டு 5 மி.மீ. ஏறட்டும். பிக்கார்டின் பின்பக்கமும் முழுவதும் ஒட்டி, குழியின் விளிம்பில் டேப்பைச் சற்று வெளியே மடித்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். மல்டிமீட்டரில் எந்த இரு மூலையைத் தொட்டாலும் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாத இணைப்பில் ஒரு பொட்டு ஈயம். சமையலறை அலுமினியத் தாளும் இரைச்சலைத் தடுக்கும், ஆனால் அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. வளைய லக் போட்டு ஸ்குரூவால்தான் வயரை இணைக்க வேண்டும். ஒட்டியபின், கேபிள் செருகும் ஜாக்கின் முனை எங்காவது செம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் பூட்டியபின் சத்தமே வரவில்லை என்றால் பாதி நேரம் இதுதான் காரணம்.

ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250கே (கிலோ ஓம்) பாட், இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கருக்கு 500கே. வால்யூமுக்கு ஆடியோ டேப்பர், அதாவது ஏ என்று எழுத்துப் போட்டது நல்லது. பி என்று போட்ட லீனியர் பாட்டில், சுழற்றத் தொடங்கும்போது ஒன்றும் ஆகாமல் கடைசியில் திடீரென்று சத்தம் விழும். டோன் கெப்பாசிட்டருக்கு 473 என்று எழுதிய 0.047 மைக்ரோஃபாரட் இருந்தால் அதை 223, அதாவது 0.022 ஆக மாற்றிப் பாருங்கள். டோனைக் குறைக்கும்போது கம்பளி மூடியது போன்ற மந்தம் குறையும். பெரிய அளவு பாட் வாங்கினால் பிக்கார்டின் துளையைச் சுமார் 10 மி.மீ.க்கு அகலப்படுத்த வேண்டும், பழைய நாப் பொருந்தாமலும் போகலாம். இடம் குறைந்த குழிக்கு நல்ல தரமான 16 மி.மீ. சிறிய பாட்டே போதும்.

வால்யூமைக் குறைத்தால் கூர்மை போகிறது என்பவர்கள், அந்தப் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 102 கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கவாட்டாக இணைத்து வைக்கலாம். மொத்தமே இரண்டு சில்லறைப் பொருள், பலனோ பெரிது.

ஐந்து நிலை ஸ்விட்ச் மாற்றும்போது கவனம். மலிவுக் கிட்டாரில் எட்டுக் கால்களும் ஒரே வரிசையில் உள்ள மூடிய ஸ்விட்ச் இருக்கும். திறந்த வகையில் நான்கு நான்காக இரு பக்கமும் இருக்கும். பழைய படத்தைப் பார்த்து அப்படியே வயரை மாற்றினால் வேலை செய்யாது.

வயர்களுக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பாட்டின் முதுகில் ஈயம் வைக்க மட்டும் 40 முதல் 60 வாட் வேண்டும். 25 வாட்டை வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்தால் உள்ளே கார்பன் தடம் வெந்துவிடும், பிறகு சுழற்றும்போதெல்லாம் கரகரக்கும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, ரோசின் கலந்த ஈயத்தை நான்கு விநாடிக்குள் உருக்கி எடுங்கள். தகரம் பற்றவைக்கும் அமிலப் பேஸ்ட்டைத் தொடாதீர்கள். நம் உப்புக் காற்றில் அது சில மாதங்களில் இணைப்பைப் பச்சை பூத்து அரித்துவிடும்.

பிக்கப் மாற்றுவது கடைசி. மல்டிமீட்டரில் பழையது 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. தந்தியிலிருந்து தூரத்தைச் சரிசெய்தே நிறைய மாற்றம் பெறலாம். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து, தடித்த தந்திக்கும் பிக்கப் முனைக்கும் 2.4 மி.மீ., மெல்லிய தந்திக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்கிக் காதால் முடிவு செய்யுங்கள்.

முடித்ததும் ஆம்பில் போட்டுப் பாருங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது என்று பொருள். தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரு வயரும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடும்போது கையில் சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அது வீட்டு மூன்று பின் சாக்கெட்டில் எர்த் இல்லாததாலோ ஆம்பின் கோளாறாலோ வருவது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யும் வரை வாசிக்கக் கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஃபிரெட், நட், பூட்டுதல்

ஃபிரெட் போர்டை மாஸ்கிங் டேப்பால் மூடி, ஃபிரெட்டுகளை 1000, 2000 தாளால் தேய்த்தால் உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு போய்த் தந்தி வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டீல் ஊல் வேண்டாம். அதன் துகள்களைப் பிக்கப் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். மூன்று ஃபிரெட்டுகளின்மேல் சிறிய நேரான தகட்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃபிரெட் உயரம். முதலில் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டி உட்காருகிறதா என்று பார்த்த பிறகே அரத்தை எடுங்கள்.

நெக் ஸ்குரூவைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்புறம் திருப்புங்கள். டக்கென்று இறங்கும் இடத்தில் பழைய மரையைப் பிடித்திருக்கும். அங்கிருந்து முடுக்கினால் மரம் அரியாது. ஸ்குரூக்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிடுவது நல்லது. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருப்பவர்களுக்கு நிக்கல் பூச்சு ஓராண்டிலேயே புள்ளி விழும்.

தந்தி போட்டு, டியூன் செய்து, இந்த வரிசையில் போங்கள். முதல் ஃபிரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேபோ என்ற கவ்வி, கடைசி ஃபிரெட்டில் விரல். 8-ஆம் ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை வலப்புறம் கால் சுற்று, பிறகு ஒரு மணி நேரம் பொறுத்து மறு அளவு. அடுத்து நட்: 3-ஆம் ஃபிரெட்டை அழுத்தினால் முதல் ஃபிரெட்டின்மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளியே இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் தொடக்க நிலையில் வாசிக்கும் கார்டுகள் ஸ்ருதி ஏறி ஒலிக்கும், விரலும் நோகும். வெட்டை மெல்ல ஆழமாக்கி, பென்சில் கரியை அதில் தேயுங்கள். அளவு மீறிப் போனால், எலும்புத் தூளும் ஃபெவிக்விக்கும் வைத்து நிரப்பி மீண்டும் வெட்டலாம். பிறகு பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சேடிலின் உயரம்: 12-ஆம் ஃபிரெட்டில் தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.6 மி.மீ. கடைசியில் இன்டோனேஷன், அதாவது நெக் முழுவதும் ஸ்ருதி சேர்வது: 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே.

டிரெமலோ பயன்படுத்தாதவர்கள், பின்குழியில் பிளாக்குக்கும் மரத்துக்கும் இடையே அளவாக வெட்டிய மரக்கட்டையைச் செருகி ஸ்பிரிங்கை இறுக்கிவிடுங்கள். ஸ்ருதி நிற்பது உடனே தெரியும்.

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து நெக் அசையும். கார்த்திகையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை அந்த 0.25 மி.மீ. அளவைப் பாருங்கள். ரப்பர் பூண் போட்ட ஸ்டாண்டிலோ ரெக்ஸின் பட்டையோடோ புது லாக்கரைச் சாய்த்து வைத்தால் அது இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் ரப்பர்மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும், ஏனெனில் வியர்வையோடு கடல் உப்பும் சேர்ந்து துரு பிடிக்கத் தொடங்குவது அங்கேதான்.